சாம்பல் லோடு இறக்குவதற்கு முன்

கேள்வி: மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டரில் எங்கள் நிலம் இருக்கிறது. சாம்பல் இலவசமாகவே கிடைக்கும் என்கிறார்கள். ஃபிளை ஆஷ் கல் போடும் யூனிட் ஆரம்பிக்கலாமா? மிச்சத்தை மானாவாரிக் காட்டுக்கு உரமாகப் போடலாமா? தோட்டத்தில் ஒரு பாழுங்கிணறு கிடக்கிறது. அதையும் சாம்பல் கொட்டியே மூடிவிடலாம் என்கிறார் அப்பா.

பதில்: கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன். அதில் சாம்பலைக் கொட்டவே கூடாது. நிலக்கரியில் நுண்ணளவில் இருந்த ஆர்சனிக், செலினியம், போரான் போன்றவை கரி எரிந்தபின் சாம்பலில் செறிந்து நிற்கும். தண்ணீரில் ஊறினால் மெல்லக் கசியும். அந்தக் கசிவு நேரே நிலத்தடி நீரில் கலக்கும். பக்கத்துத் தோட்டத்து போர்வெல்லும் தப்பாது. கிராவல் போட்டு மூடச் சொல்லுங்கள்.

அடுத்தது யூனிட். ஆரம்பிக்கலாம். ஆனால் 'சாம்பல் கிடைக்குமா' என்று பொதுவாக விசாரிக்காமல், எந்தச் சாம்பல் என்று கேளுங்கள். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்துத்தான் கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். சாம்பலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கட்டியாகி அடியில் விழும். மீதி புகையோடு பறக்கும்; புகைபோக்கியை எட்டுவதற்கு முன் இ.எஸ்.பி. என்ற மின்வடிகட்டி அதைப் பிடித்துவிடும். அதிலும் முதல் வரிசை ஹாப்பரில், அதாவது வடிகட்டியின் கீழே சாம்பல் சேரும் தொட்டியில், விழுவது சற்றுக் கரடு. பின்வரிசைகளில் விழுவது முகப்பவுடர் போல மிருது. சிமெண்ட் கம்பெனிகளின் கண் இந்த மிருதுவான சாம்பல் மேல்தான். பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம் என்று ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும்போது அவர்கள் விடுவார்களா?

தண்ணீரில் கரைத்து, அடிச்சாம்பலும் பறக்கும் சாம்பலும் கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்துக்குப் போவது வேறு சரக்கு. 'இலவசம்' என்று உங்கள் காதுக்கு வந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கரடுமுரடானது, ஈரம் ஏறியது, வினைத்திறன் குறைந்தது. சாலைக்கரை நிரப்பவும் கல்லில் மணலுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்க்கவும் ஆகும். கல்லுக்குப் பலம் தருவதற்கு இதை நம்பாதீர்கள்.

பலம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி நஷ்டம் தவிரும். மேட்டூர் மாதிரி நிலையங்களின் சாம்பல் தானாக இறுகாது. அதிலிருக்கும் கண்ணாடித்தன்மை கொண்ட சிலிக்கா, சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்தால்தான் பிடிக்கும். அந்தச் சுண்ணாம்பை நேரடியாகப் போடலாம். விசாகப்பட்டினத்தில் ஆய்வாளர்கள் பானுமதிதாஸும் காளிதாஸும் பரப்பிய ஃபால்-ஜி முறையில் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றும் சேரும். இல்லையென்றால் சிமெண்ட் இறுகும்போது வெளிவிடும் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாம். புதிதாக இறங்குபவருக்கு நான் சிமெண்ட் முறையைத்தான் சொல்வேன். சந்தையில் கிடைக்கும் சுண்ணாம்பின் தரம் மூட்டைக்கு மூட்டை மாறும்.

சிமெண்ட் என்றால் சாம்பல் கலக்காத ஓ.பி.சி. வாங்குங்கள். விலை குறைவு என்று பி.பி.சி. வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. ஏற்கெனவே சாம்பல் கலந்த சிமெண்டோடு இன்னும் சாம்பலைச் சேர்த்தால், அத்தனைக்கும் வேண்டிய சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? கல் உதிரும், சாம்பல் மேல் பழி விழும்.

சோதனைக் கலவையாக சாம்பல் 55, கிரஷர் தூள் 35, சிமெண்ட் 10 என்று எடைக்கணக்கில் தொடங்குங்கள். கல் 3 கிலோ என்றால் 10,000 கல்லுக்கு 30 டன் சரக்கு. அதில் சாம்பல் பதினாறரை டன், சிமெண்ட் 60 மூட்டை. இப்போது கணக்கைப் பாருங்கள்: சாம்பல் சும்மா வந்தாலும் சிமெண்டும் லாரி வாடகையும்தான் லாபத்தைத் தீர்மானிக்கின்றன. 15 கிலோமீட்டர் தூரம் உங்களுக்குப் பெரிய பலம். அதை நம்பி மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், மின்வடிகட்டியில் பிடித்த உலர் சாம்பல் மாதம் எத்தனை டன் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். சாம்பலை முழுவதும் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கை மின்நிலையங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்காக, நீங்கள் கேட்கும் ஹாப்பரிலிருந்து கேட்ட நாளில் வரும் என்று அர்த்தமில்லை.

உலர் சாம்பல் ஏற்றிய பல்கர் (மூடிய டேங்கர் லாரி) வந்ததும் ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஐ.எஸ். 3812 முதல் பாகத்தின்படி, 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்தையும், சூட்டில் எரிந்து போவது 5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. விரலில் தேய்த்துப் பார்த்தால் கறுப்புப் பொட்டுகள் தெரிகிறதா? எரியாத கரி அது. நடுவில் விலை படிகிறதென்று நெய்வேலிச் சாம்பலுக்கு மாறினால் கலவையையே மாற்ற வேண்டும். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம்.

இந்தத் தொழிலில் பெயர் கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். சாம்பல் வினை மெதுவானது; ஈரம் இருக்கும்வரைதான் நடக்கும். இரண்டு, மூன்று வாரம் விடாமல் தண்ணீர் காட்டி, பிறகு உலரவிட்டு அனுப்ப வேண்டும். ஒரு வாரக் கல்லை லாரியில் ஏற்றினால், அது சுவரில் ஏறியபின் சுருங்கி விரிசல் விடும். அப்போது கொத்தனார் உங்கள் பேரைத்தான் சொல்வார். சாம்பல் தூசியில் சிலிக்கா இருப்பதால், மிக்சர் பக்கம் நிற்பவருக்கு நல்ல முகக்கவசம் கட்டாயம். வாயில் கட்டிய துண்டு போதாது.

கடைசியாக மானாவாரிக் காடு. சாம்பலில் தழைச்சத்து இல்லை என்றே சொல்லலாம். பொட்டாஷ், கால்சியம், கொஞ்சம் நுண்சத்துகள் உண்டு. பொதுவாகக் காரத்தன்மை கொண்டது என்பதால் புளிப்பு மண்ணுக்கு அளவாகப் போட்டால் பலன் தரலாம். உங்கள் மண்ணைப் பரிசோதித்து, பிஎச் அளவு ஏற்கெனவே 8-ஐ ஒட்டி இருந்தால் போட வேண்டாம். லோடு லோடாகக் கொட்டினால் போரான் மிஞ்சிப் பயிர் இலை ஓரம் கருகும். கொட்டியதை மண்ணிலிருந்து திரும்ப எடுக்கவும் முடியாது.