கிற்றார் மேற்பலகையின் அதிர்வெண்: கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிற்றார் செய்யப் பழகுகிறவர்கள், மேற்பலகையை (தந்திகளுக்குக் கீழே அதிர்ந்து ஒலி தரும் முகப்புப் பலகை) தட்டி அளப்பது பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கல்லடி: அண்ணே, என் பலகையைத் தட்டினால் மணிபோல் கேட்கிறது. நல்ல பலகைதானே?

அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் தம்பி. ஒரே மரத்தில் தடிப்பான துண்டு உயர்ந்த சுருதியில் பேசும், மெல்லியது தாழ்ந்த சுருதியில் பேசும். அதிர்வெண்ணோடு நீளம், அகலம், தடிப்பு, எடை நான்கும் சேர்ந்தால்தான் மரத்தின் விறைப்புத் தெரியும்.

களுவாஞ்சிகுடி: எங்கே பிடிப்பது, எங்கே தட்டுவது?

இரண்டு முனையிலிருந்தும் நீளத்தின் 22.4 சதவீதத்தில் கோடு போடுங்கள். 550 மில்லிமீற்றர் பலகைக்கு அது 123 மில்லிமீற்றர். நடு அதிரும்போது அந்தக் கோடுகள் அசையாது. அவற்றின் கீழே ஸ்பொஞ்ச் வைத்து, விரல் மூட்டால் நடுவில் தட்டுங்கள். அதிர்வெண்ணைக் காட்ட ஸ்பெக்ட்ரோயிட் போன்ற போன் அப் போதும், போனைப் பலகைக்கு மிக அருகே வையுங்கள். அப்புறம் இதையே அகலத்துக்கும் செய்யுங்கள். நாருக்குக் குறுக்கே விறைப்பு மிகக் குறைவு, அதையும் அறியாமல் சீவக்கூடாது.

ஆரையம்பதி: அண்ணா, அதன் பிறகு என்ன கணக்கு?

விறைப்பைக் காண: 0.946 × அடர்த்தி × அதிர்வெண் வர்க்கம் × நீளத்தின் நான்காம் அடுக்கு, இதைத் தடிப்பின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும் தங்கச்சி. எல்லாம் மீற்றர், கிலோகிராமில். 550 மில்லிமீற்றர் நீளம், 4 மில்லிமீற்றர் தடிப்பு, அடர்த்தி 420, அதிர்வெண் 70 ஹேர்ட்ஸ் என்றால் விடை ஏறத்தாழ 11 கிகாபாஸ்கல், மேற்பலகைக்குப் பயன்படும் ஸ்புரூஸ் மரத்துக்கு வழக்கமான அளவு. தடிப்பில்தான் கவனம். அடர்த்தியும் அதிலிருந்தே வருவதால், 4.0ஐ 3.9 என்று அளந்தால் விடை 8 சதவீதம் பிழைக்கும். வேர்னியரால் பல இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

காத்தான்குடி: நானா, ஆடியில் வந்த இலக்கம் மார்கழியில் வரவில்லையே?

வராது. மாரியில் பலகை ஈரம் குடிக்கிறது. எடை கூடி நார் இளகுவதால் அதிர்வெண் இறங்கும். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது திரும்ப ஏறும். அளக்கும் ஒவ்வொரு தடவையும் பலகையின் எடையையும் நிறுத்து எழுதுங்கள். இதைவிட முக்கியமானது ஒட்டுவது. அடைமழை நாளில் பலகையின் உட்புறத்தில் குறுக்குச் சட்டங்களை ஒட்டினால், கச்சான் காலத்தில் பலகை சுருங்கி வெடிக்கும். ஈரப்பதன் 45 முதல் 50 சதவீதமாக உள்ள அறையில் பலகையை வைத்திருந்து ஒட்டுங்கள்.

அக்கரைப்பற்று: ஸ்புரூஸ் விலை தாங்காது. பலா, மலைவேம்பு சரிவருமா?

பலா வீணைக்கு அருமையான மரம், ஆனால் கிற்றார் மேற்பலகைக்குப் பாரம். விறைப்பு இரண்டு மடங்கானாலும் தடிப்பை 20 சதவீதம்தான் குறைக்கலாம். அடர்த்தி இரண்டு மடங்கானால், அதே தடிப்பில் எடையும் இரண்டு மடங்கு. ஆகவே எடை குறைந்த மரத்தைத்தான் முதலில் தேட வேண்டும். மலைவேம்பு அந்த வகை. மரக்காலையில் முடிச்சில்லாமல், நார் நேராக ஓடுகிற துண்டை ஓடாவியிடம் கேட்டு வாங்கி, அளந்து பாருங்கள். விறைப்புக் குறைவாக வந்தால் சற்றுத் தடிப்பாக விடலாம்.