ஊட்டியில் 1,300 மீட்டர் ஓடுபாதை போதுமா?

கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஏடிஆர் 72 விமானம் கிளம்ப 1,300 மீட்டர் போதும் என்கிறார்கள். ஊட்டிப் பக்கம் அவ்வளவு சமநிலம் கிடைத்தால், கோவைக்கு இறங்காமல் இங்கேயே விமானம் ஏறலாமே?"

போதாது. 1,300 மீட்டர் என்பது கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், முழு எடைக்குப் போட்ட கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை மதியத்தில் அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கால்பங்கு குறைவு. விமானியின் வேகமானி வழக்கமான வேகத்தைத்தான் காட்டும்; ஆனால் சக்கரம் தரையில் 16 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடினால்தான் இறக்கை தூக்கும். எஞ்சினுக்கும் அதே மெல்லிய காற்றுதான்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ-வின் முறைப்படி, உயரம் 300 மீட்டர் கூடினால் நீளம் 7 சதவீதம் கூட வேண்டும். ஊட்டிக்கு இது 52 சதவீதம். 1,300 மீட்டர் 1,980 ஆகிவிடும். அந்த உயரத்துக்குரிய திட்ட வெப்பநிலை, அதாவது கணக்குக்கு அடிப்படையாக வைக்கும் வெப்பம், பூஜ்யம் டிகிரியை ஒட்டியது. கோடையில் 23 டிகிரி என்றால், அதைத் தாண்டும் டிகிரிக்கு ஒரு சதவீதமாக இன்னும் 22 சதவீதம். ஆக, சுமார் 2,400 மீட்டர். உயரம், வெப்பம் இரண்டுக்குமான திருத்தம் 35 சதவீதத்தைத் தாண்டினால் தனி ஆய்வே செய்யச் சொல்கிறது ஐசிஏஓ. அப்புறம், சறுக்கிப் போனால் தாங்க, பரிந்துரைப்படி இரு முனையிலும் 300 மீட்டர். மூன்று கிலோமீட்டர் சமநிலத்துக்கு நீலகிரியில் எங்கே போவது?

குட்டைப் பாதையிலும் கிளம்பலாம், எடையைக் குறைத்தால். சிம்லாவில் சிறிய ஏடிஆர் 42-கூட இருக்கைகளைக் காலியாக விட்டுத்தான் கிளம்பியது. பாதி காலியான விமானத்தோடு பறந்தால் டிக்கெட் விலை தாங்காது.

சரி, ஓடுபாதைத் தளத்தின் பலம்? நீளம் ஒவ்வொரு பயணத்தின் எடையையும் கட்டுப்படுத்தும். பலம் ஓடுபாதையின் ஆயுளையே தீர்மானிக்கும். 23 டன் ஏடிஆர் 72-இன் நான்கு முதன்மைச் சக்கரங்களில் ஒவ்வொன்றும் ஐந்தரை டன் அழுத்தும். பெரிய ஜெட் விமானமான ஏ320 என்றால் 18 டன். எப்போதாவது 10 சதவீதம் மீறினால் தார்த்தளம் பொறுக்கும், தினமும் மீறினால் விரிசல் விட்டுவிடும். பக்கத்துக் கோழிக்கோட்டில் 2015-இல் ஓடுபாதையைப் பலப்படுத்துவதற்காகப் பெரிய விமானங்களை நிறுத்தினார்கள். மீண்டும் வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது.

இங்கே எனக்குப் பெரிய கவலை மழைதான். வெட்டி நிரப்பிய மலைமண் நீர் ஊறினால் பலமிழக்கும். நிலம் பார்க்க யாராவது வந்தால், அடிமண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்துச் சோதித்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.