ஒரே திகதி, வேறு வேறு இசை: கேள்வி பதில்

இசை வரலாற்றில் ஒரே திகதியில் நடந்த சம்பவங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கொழும்பின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. எல்லாவற்றையும் போட இடமில்லை. உறுதியாகப் பதில் சொல்லக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா: கண்ணதாசனும் எம்.எஸ்.விஸ்வநாதனும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று அப்பா சொல்லுவார். உண்மையா?

உண்மைதான் அக்கா. இருவருக்கும் ஜூன் 24. கவிஞர் 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தார். அடுத்த வருடம் அதே திகதியில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள எலப்புள்ளியில் எம்.எஸ்.வி பிறந்தார். ஒருவர் செட்டிநாட்டுக்காரர், மற்றவருக்குத் தாய்மொழி மலையாளம். திகதி ஒன்றாக இருந்ததால் அந்தப் பாட்டுகள் பிறந்துவிடவில்லை. மெட்டுக்கு வரி, வரிக்கு மெட்டு என்று வருடக்கணக்காகச் சேர்ந்து உட்கார்ந்து உழைத்ததன் பலன் அவை. ஆனாலும் ஜூன் 24 வந்தால் இருவரையும் சேர்த்து நினைக்க முடிகிறதே, அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்பாவிடம் இன்னொரு திகதியையும் சொல்லுங்கள். கண்ணதாசன் இறந்தது 1981 ஒக்டோபர் 17, சிக்காகோவில். போலந்தில் பிறந்த பியானோ மேதை ஷோபான் இறந்தது 1849இல் அதே ஒக்டோபர் 17, பாரிஸில். ஷோபானின் இதயத்தை மட்டும் அவருடைய சகோதரி வார்சாவுக்குக் கொண்டுபோனார். அது இன்றும் அங்கே ஒரு தேவாலயத் தூணுக்குள் இருக்கிறது. கவிஞரின் உடலும் சென்னைக்கு வந்துதான் எரியூட்டப்பட்டது. வெளிநாட்டில் உறவுகள் இல்லாத வீடு நம்மிடையே எத்தனை இருக்கும்? அதனால்தான் மற்றத் திகதிகளைவிட இது எனக்குக் கனமாகப் படுகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவி: டிசெம்பர் 16 அன்று பாடசாலைக் காலைக் கூட்டத்தில் பேசவேண்டும். இசை பற்றி ஏதாவது உண்டா சேர்?

நல்ல திகதி மகள். 1925 டிசெம்பர் 16 அன்றுதான் கொழும்பு வானொலி அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் தொடக்கிவைத்தார். லண்டனில் பிபிசி ஒலிபரப்பைத் தொடங்கி அப்போது மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் அதற்கு முன்பே, 1923இல், தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பிப் பார்த்துவிட்டார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பியைக் கட்டினார்கள். மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து போனது கிராமபோன் தட்டு இசை. போருக்குச் செய்த கருவி இந்தத் தீவில் முதலில் பாட்டைத்தான் காற்றில் அனுப்பியது. பேச்சில் இதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிசெம்பர் 16 பேத்தோவனின் பிறந்தநாள் என்றும் சொல்வார்கள். அதைக் கவனமாகச் சொல்லவேண்டும். பொன் நகரத் தேவாலயப் பதிவில் இருப்பது 1770 டிசெம்பர் 17, அவர் ஞானஸ்நானம் பெற்ற நாள். பிறந்த மறுநாளே ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் இருந்ததால் 16 என்று கொள்கிறார்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்: தியாகராஜர் ஆராதனை ஒவ்வொரு வருடமும் வேறு திகதியில் வருகிறது. பிறகெப்படி ஜனவரி 6 என்கிறார்கள்?

ஐயா, இரண்டும் சரி. அவர் திருவையாற்றில் சித்தியடைந்த நாள் ஆங்கிலக் கணக்கில் 1847 ஜனவரி 6. ஆனால் ஆராதனையைத் திதி பார்த்துத்தான் செய்கிறோம்: புஷ்ய பகுள பஞ்சமி, தேய்பிறையின் ஐந்தாம் நாள். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்கள்தான். அதனால் திதி வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகரும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதிக மாதம் என்ற கூடுதல் சந்திர மாதம் ஒன்று வரும்போது திரும்பப் பின்னால் போகும். வெசாக் போயா வருடத்துக்கு வருடம் மாறுகிறதே, அதுபோலத்தான். ஏ.ஆர்.ரஹ்மான் பிறந்தது 1967 ஜனவரி 6. தியாகராஜர் மறைந்து சரியாக 120 வருடங்கள். ஆங்கில நாட்காட்டியில் தேடுகிறவருக்கு மட்டும்தான் இந்தப் பொருத்தம் தெரியும்.

ஐரோப்பாவிலும் இதே சிக்கல் உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பிறந்தது பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி 1685 மார்ச் 21. இன்றைய கணக்குக்கு மாற்றினால் மார்ச் 31. ஒஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் பிறந்ததும் மார்ச் 31, 1732இல். மாற்றினால் இருவருக்கும் ஒரே திகதி, மாற்றாவிட்டால் இல்லை.

கொச்சிக்கடையிலிருந்து தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் ஒருவர்: நவம்பர் 22 புனித செசிலியாவின் திருநாள். அன்று வேறென்ன நடந்திருக்கிறது?

இசைக்கலைஞர்களின் பாதுகாவலியின் திருநாள் அல்லவா, நிறையவே உண்டு. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1913இல் அன்றுதான் பிறந்தார். பீட்டில்ஸ் குழு பிரித்தானியாவில் தங்கள் இரண்டாவது இசைத்தட்டை 1963இலும், வெள்ளை அட்டை இரட்டைத் தட்டை 1968இலும் இதே திகதியில் வெளியிட்டது.

நமக்கு நெருக்கமானது 1951. ஆனந்த சமரக்கோனின் பாட்டு அந்த வருடம் நவம்பர் 22 அன்று நாட்டின் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. அதே மெட்டுக்குத் தமிழில் எழுதியவர் பண்டிதர் மு.நல்லதம்பி. 2016 பெப்ரவரி 4 அன்று காலிமுகத்திடலில் நடந்த சுதந்திர தின விழாவில், 1949க்குப் பிறகு முதல் தடவையாக அந்தத் தமிழ் வரிகள் பாடப்பட்டன. அதனால் பெப்ரவரி 4ஐயும் என்னுடைய இசைத் திகதிகளில் சேர்த்துவிட்டேன். ஹிந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி பிறந்ததும் (1922) பின்னணிப் பாடகி வாணி ஜெயராம் மறைந்ததும் (2023) அதே பெப்ரவரி 4தான்.

தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி: இவ்வளவு பொருத்தம் எப்படி வருகிறது அண்ணை? விதியா?

கணக்கு, தம்பி. ஏதோ 23 பேரை ஓர் அறையில் உட்காரவைத்தாலே, அதில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்புப் பாதிக்கு மேல். இசை வரலாற்றில் ஆயிரக்கணக்கான பேர். பிறப்பு, இறப்பு, வெளியீடு, அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் திகதி உண்டு. பொருத்தம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் சில பொருத்தங்கள் உண்மையிலேயே வாழ்க்கையைத் தொட்டுவிடும். 1953 மார்ச் 5 அன்று மொஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார். இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் இறந்ததும் அதே நாள், அதே நகரம். அவருடைய வீடு செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்ததால், ஸ்டாலினைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தாண்டிப் பிரேத வண்டி வரமுடியவில்லை. பெட்டியைத் தோளில் சுமந்துதான் கொண்டுபோனார்கள். பூ வாங்கவும் முடியவில்லை. நகரத்துப் பூவெல்லாம் ஒருவருக்கே போய்விட்டது. புரோகோஃபியெவின் இசையை மக்களுக்கு ஒவ்வாத வெறும் வடிவவாதம் என்று கண்டித்த ஆட்சி அது, நினைக்கவே நெஞ்சு வலிக்கிறது.

மருதானையிலிருந்து ஒருவர்: இளையராஜாவுக்கு ஜூன் 2ஆ, 3ஆ?

பிறந்தது ஜூன் 3, கொண்டாடுவது 2. கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாளும் 3 என்பதால் அவருக்கு அந்த நாளை விட்டுக்கொடுத்துவிட்டார்.

மீண்டும் வெள்ளவத்தை: என் சிங்கள நண்பருக்குப் பாடகர் அமரதேவ என்றால் உயிர். நண்பருக்குச் சொல்ல ஒரு திகதி?

டிசெம்பர் 5. மொசார்ட் 1791இல் வியன்னாவில் மறைந்த நாள், அமரதேவ 1927இல் மொறட்டுவையில் பிறந்த நாள். அமரதேவ லக்னோவில் வயலின் படித்தவர், மாலைதீவின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவரும் அவர்தான். டிசெம்பர் 5 அன்று மாலையில் நண்பரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். முதலில் அமரதேவவைப் போடுங்கள், அப்புறம் மொசார்ட்டின் வயலின் கொன்சேர்ட்டோ ஒன்று, அதாவது தனி வயலினும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பது. அவருடைய வயலின் கொன்சேர்ட்டோக்களில் மூன்றாவதை நான் சிபாரிசு செய்வேன்.