எனக்குக் கோபம் வரும் நேரம் காலை ஆறரை

கேள்வி இதுதான்: "காலையில் நன்றாக இருக்கிறேன், மத்தியானம் காரணமில்லாமல் அழுகை வருகிறது, பின்னேரம் யாரைப் பார்த்தாலும் எரிச்சல். சுற்றி இருப்பவர்களோ வாய் திறந்தால் குத்தல் கதை. இப்படி மாறிக்கொண்டிருக்கும் மனதை வைத்துக்கொண்டு இந்த ஆட்களை எப்படிச் சமாளிப்பது?"

நான் மனநலம் படித்தவள் இல்லை. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருக்கிறேன், வயது 48, ஒரு கந்தோரில் எழுதுவினைஞர், வீட்டுக்குப் பின்னால் நாலு பரப்புத் தோட்டம். இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு காலை, கனடாவிலிருந்து மச்சாள் எடுத்த கோலை இடையில் வெட்டிவிட்டு, போனைக் கிணற்றுக்குள் எறியக் கை ஓங்கினேன். எறியவில்லை. தவணைக் காசுக்கு வாங்கிய போன், இன்னும் நாலு மாதம் கட்ட இருந்தது. ஆனால் கை ஓங்கியதை மகள் பார்த்துவிட்டாள். அன்று பின்னேரம் அவள் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் நடந்து போனாள். வீட்டில் விசர் நாய் படுத்திருந்தால் அப்படித்தான் நடப்போம். எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

அதுவரைக்கும் பிரச்சினை மற்ற ஆட்கள்தான் என்று நினைத்திருந்தேன். மச்சாள், கிணற்றில் பங்குள்ள பெரியம்மா, கந்தோரில் மேலதிகாரி. இந்த மூன்று பேரும் இல்லாவிட்டால் நான் தங்கமான மனுசி என்பது என் எண்ணம்.

மகள் பாதியில் விட்ட ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். நாட்குறிப்பு மாதிரி உருக்கமாக எழுத எனக்கு வராது. கடைக்கணக்கு மாதிரி நாலு கோடு: எத்தனை மணிக்குக் கோபம் வந்தது, யாரோடு, முதல் நாள் இரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டேன். ஆறு கிழமை எழுதினேன். மொத்தம் 23 கொழுவல். அதில் 17, ஐந்து மணித்தியாலத்துக்குக் குறைவாக நித்திரை கொண்ட இரவுக்கு அடுத்த நாள். பெரும்பாலும் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில். மச்சாளின் பெயர் வந்த அளவுக்கு, பாவம், என் மனிசனின் பெயரும் வந்திருந்தது. அவர் ஒரு சோலிக்கும் போகாத ஆள். சீனிப் போத்தலை மூடாமல் விட்டதற்கெல்லாம் அவர் ஏச்சு வாங்கியிருக்கிறார்.

நித்திரை ஏன் குறைந்தது என்றால், நடுச்சாமத்தில் உடம்பு கொதித்து, வேர்த்து நனைந்து எழும்புவேன். மாதவிடாயும் ஒழுங்கு தப்பி, வந்தால் அதிகமாக வந்தது. முதலில் போன மருத்துவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "வயசு" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். இரண்டாவதாகப் போன பெண் மருத்துவர் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டார். அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பெண்கள் இதைத் தங்களுக்குள்ளேகூடக் கதைப்பதில்லை. மாதவிடாய் முற்றாக நிற்பது சராசரியாக 51 வயதளவில். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. அதற்குச் சில வருடங்கள் முந்தியே ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் ஏறி இறங்கத் தொடங்கும். அந்த ஏற்ற இறக்கம் நித்திரையைக் குழப்பும், மனதையும் சேர்த்துக் குழப்பும். தைரொயிட் கூடினாலும் குறைந்தாலும் இதே மாதிரித் தோன்றலாம் என்பதால் அதையும் சோதிக்கச் சொன்னார். எனக்குத் தைரொயிட் சரி. ஹீமோகுளோபின்தான் 9.8. பெண்களுக்கு 12க்கு மேல் இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசை தந்தார். அதைத் தேத்தண்ணியோடு குடிக்கக் கூடாது, தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது, தேசிக்காய்த் தண்ணியோடு குடியுங்கள் என்றார். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி குடிக்கிற யாழ்ப்பாணத்தாளுக்கு இது சின்னக் கட்டளை இல்லை.

மூன்று மாதத்தில் நான் சாந்த சொரூபி ஆகிவிடவில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடப்பது நின்றது, மத்தியான அழுகை போய்விட்டது. அதனால் கேட்டவருக்கு நான் முதலில் சொல்வது இரத்தம் சோதிக்கச் சொல்லித்தான். நீங்கள் ஆணாக இருந்தாலும், 25 வயதாக இருந்தாலும்.

இனி ஆட்கள். ஒரு பகுதி என் உடம்பு என்று தெரிந்ததும் "அப்படியென்றால் அவர்கள் எல்லோரும் நல்லவர்கள், நான்தான் பிழை" என்று ஒரு மாதம் திரிந்தேன். அதுவும் சரியில்லை. கொப்பியில் மீதி ஆறு கொழுவல் இருந்ததே! நன்றாக நித்திரை கொண்டு, சாப்பிட்டு, தெளிவாக இருந்த நாளில் வந்தவை. அந்த ஆறும் உண்மையான வழக்குகள். அதில் நாலு, பெரியம்மாவோடு.

அதற்கு முன் மச்சாளை முடித்துவிடுகிறேன். அவர் வேலை முடிந்து, சமைத்து, ஆறுதலாக இருந்து கோல் எடுப்பது ரொறன்ரோ நேரம் இரவு ஒன்பது மணிக்கு. அங்கே கோடையென்றால் எங்களுக்கு அது காலை ஆறரை. ஒரு அடுப்பில் சம்பல் தாளிதம், மற்ற அடுப்பில் இடியப்பம், மகளின் பள்ளிக்கூடச் சட்டை இஸ்திரி போடாமல் கிடக்கும். அவர் நாள் முழுக்கப் பட்ட களைப்போடு "ஏன் அம்மாவைக் கண்ணுக்குக் காட்டேல்லை" என்று தொடங்குவார். நான் இனித்தான் படப்போகிற களைப்போடு பதில் சொல்வேன். பத்து வருடமாக நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிப்பதற்கென்றே நேரம் குறித்து வைத்திருந்திருக்கிறோம். இப்போது ஞாயிறு இரவு ஏழரைக்கு நான் எடுக்கிறேன். அவருக்கு அது காலை பத்து மணி, கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். நொட்டை சொல்வது நிற்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது வானொலி மாதிரிக் கேட்கிறது. காலையில் வரும் கோலுக்கு "பின்னேரம் கதைக்கிறன் மச்சாள்" என்று ஒரு வட்ஸ்அப் குரல்பதிவு மட்டும் போகும். முதல் இரண்டு மாதம் கோபித்தார், "பெரிய ஆள் ஆகிட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டேன்.

பெரியம்மா வேறு கதை. வெளியூர்க்காரருக்கு ஒரு கிணற்றுக்காக எட்டு வருடம் முகம் பார்க்காமல் இருக்க முடியுமா என்று சிரிப்பு வரும். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல மழைக்கு ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். மற்றதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைத்தண்ணீர், கூட இறைத்தால் உவர் ஏறிவிடும். எங்கள் காணி உறுதியில் "கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று வடிவாக எழுதியிருக்கிறது. எத்தனை மணிக்கு மோட்டரை நிற்பாட்ட வேண்டும் என்று எந்த நொத்தாரிசும் எழுதவில்லை. எங்கள் முறை தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியும் பெரியம்மாவின் மகன் மோட்டரை நிற்பாட்ட மாட்டான். கேட்கப் போனால் பெரியம்மா கிணற்றுக்கட்டில் நின்று என் தகப்பன் வழி மூன்று தலைமுறையையும் இழுத்து ஏசுவார்.

இவர் ஏன் இப்படி என்று நானும் யோசித்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி, எங்கள் பகுதியான வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்கள் ஒன்றாகத்தான் போனோம். எனக்கு 19 வயது. மழை, நெரிசல், குடிக்கத் தண்ணீர் இல்லை. இதைச் சொன்னால் உடனே "பாவம், அந்தப் பாதிப்புத்தான், தண்ணீர் என்றால் பதறுகிறார்" என்பார்கள். இல்லை. பெரியம்மா 1995க்கு முந்தியும் இப்படித்தான். அந்தப் பாலத்து நெரிசலுக்குள்ளும், சைக்கிள் காண்டில் இடித்ததற்காக முன்பின் தெரியாத ஒருவரோடு கொழுவியவர். அதே ஆள்தான் தன் பிள்ளைக்கு வைத்திருந்த போத்தல் தண்ணீரில் பாதியை என் தங்கச்சிக்குக் கொடுத்தவர். இரண்டும் ஒரே இரவில். அவரை நல்லவர், கெட்டவர் என்று ஒரு பக்கத்தில் வைக்கப் பார்த்து நான் களைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது அந்த அரை மணித்தியாலத் தண்ணீர்.

கடைசியில் மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டேன். ஊரில் இன்னும் இணக்கசபை என்றுதான் சொல்கிறார்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி நடப்பது. சட்டத்தரணி வந்து வாதாட முடியாது, நீங்களே கதைக்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில், பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில், சின்னப் பிள்ளைகளின் வாங்கில் நானும் பெரியம்மாவும் முழங்கால் இடிபட இருந்தோம். மூன்று மத்தியஸ்தர்கள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்றார்கள். பெரியம்மா இருபது நிமிடம் கதைத்தார். பிறகு என் முறை. எட்டு வருடக் கோபம் நாலு நிமிடத்தில் தீர்ந்துபோய், அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் குறுக்கே கதைக்காவிட்டால் கோபத்துக்கு நீளம் குறைவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நேரத்தை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். அந்தத் தாளின் பிரதி இப்போது மோட்டர் கொட்டிலில் பொலித்தீன் உறைக்குள் தொங்குகிறது.

மேலதிகாரிக்கு ஒரு பந்தி போதும். ஆட்களுக்கு முன்னால் ஏசுவது அவர் பழக்கம். முன்பு நானும் கதைவழிப்பட்டு, கழிவறைக்குள் போய் அழுதிருக்கிறேன். இப்போது பேனையை எடுத்துக்கொண்டு "சேர், செய்ய வேண்டியதை எழுதித் தாங்கோ" என்கிறேன். முகத்தில் நக்கல் தெரியாமல் சொல்ல வேண்டும், அதற்கு எனக்கு ஒரு மாதப் பயிற்சி தேவைப்பட்டது. ஏச்சில் பாதிக்கு மேல் எழுத்துக்கு வருவதில்லை. எழுதித் தந்ததைச் செய்துவிடுகிறேன்.

என் அம்மா எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின் "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்ற வாக்கைத்தான் சொல்வார். எனக்கு நானே சொல்லும்போது அது நல்ல மருந்து, கிணற்றடிக்குப் போகமுதல் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் அழுதுகொண்டிருக்கும்போது இன்னொருவர் அதைச் சொன்னால், வாயை மூடு என்று கேட்கிறது. யாராவது உங்களிடம் வந்து அழுதால் தயவுசெய்து வேதாந்தம் சொல்லாதீர்கள், தண்ணி குடுத்துப் பக்கத்தில் இருங்கள்.

கேள்வியில் நீங்கள் எழுதியதை வைத்து எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சோர்வும் அழுகையும் இரண்டு கிழமைக்கு மேல் நாள் முழுக்க நீடிக்கிறதா, பிடித்த விஷயத்திலும் மனம் போகாமல் இருக்கிறதா, செத்துப்போனால் நல்லது என்று வருகிறதா? அப்படியென்றால் என் கொப்பிக் கணக்கு உங்களுக்குப் போதாது. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. இலங்கைக்குள் எங்கிருந்தும் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகம் நடத்துவது. "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று பகிடி பண்ணும் ஊர்தான் இது, தெரியும். நான் முதல் தடவை கிளினிக் வாங்கில் இருந்தபோது, தலையைக் குனிந்துகொண்டு இருந்த இரண்டு பேர் என் ஒழுங்கைக்காரர். ஒருவரை ஒருவர் காணாதது போல் இருந்தோம். பிறகு அதில் ஒருவரோடு நல்ல பழக்கமாகிவிட்டது.

கொப்பியை இன்னும் விடவில்லை. போன மாதம் ஏழு கொழுவல், அதில் இரண்டுக்கு நான்தான் காரணம், ஒன்றுக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று வியாழன், பின்னேரம் ஐந்தரைக்கு எங்கள் இறைப்பு முறை. இப்போது ஐந்து இருபத்தெட்டு. மோட்டர் இன்னும் ஓடுகிறது, பெரியம்மா கிணற்றுக்கட்டில் நிற்கிறார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்குகிறேன்.