ரோஹிங்கியா அகதிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சார், ரோஹிங்கியாக்கள் மியான்மர்க்காரர்கள்தானே? ஏன் பங்களாதேஷில் இருக்கிறார்கள்?

பதில்: ஆமாம், மியான்மரின் ரக்கைன் மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் சிறுபான்மையினர்தான். 1982-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. 2017 ஆகஸ்ட் 25 அன்று ஓர் ஆயுதக் குழு காவல் சாவடிகளைத் தாக்கியது. அதைக் காரணம் காட்டி ராணுவம் ஊர் ஊராகக் கொளுத்தியது. சில மாதங்களில் 7 லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டி வந்தார்கள். அதற்கு முன்பே 1978-லும் 1991-92-லும் இப்படி ஓடி வந்திருக்கிறார்கள்.

கேள்வி: அவ்வளவு பேரை பங்களாதேஷ் எப்படிச் சமாளிக்கிறது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணக்கார நாடுகள் சில ஆயிரம் பேருக்கே கதவைச் சாத்தும்போது, நெரிசல் மிகுந்த அந்த நாடு எல்லையைத் திறந்துவிட்டது. அது பெரிய மனசு.

ஆனால் "இவர்கள் தற்காலிகமாக வந்தவர்கள்" என்பதுதான் அரசின் நிலைப்பாடு. அதனால் எல்லையோர காக்ஸ் பஜார் மாவட்டத்து முகாம்களில் நிரந்தர வீடு கட்ட விடுவதில்லை. மூங்கிலும் தார்ப்பாயும்தான். மழைக்காலத்தில் சரிவில் மண் சரியும். நெருப்புப் பிடித்தால் வரிசையாக எரியும். 2021 மார்ச்சில் ஆயிரக்கணக்கான குடிசைகள் அப்படித்தான் சாம்பலாயின.

நல்லதும் நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் விறகுக்காகச் சுற்றியிருந்த காட்டையே வெட்டித் தீர்த்தார்கள். 2018 முதல் காஸ் சிலிண்டர் கொடுத்தபிறகு வெட்டுவது வெகுவாகக் குறைந்தது. விறகு பொறுக்கக் காட்டுக்குள் போன பெண்களுக்கு இருந்த ஆபத்தும் குறைந்தது.

கேள்வி: ரேஷன்தான் கிடைக்கிறதே, அது போதாதா?

பதில்: ரேஷன் வெளிநாட்டு நன்கொடையை நம்பி இருக்கிறது. 2023-ல் பணம் வற்றியதும், ஓர் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்தது முதலில் 10, பிறகு 8 ஆனது. எட்டு டாலரில் ஒரு மாதம் முழுக்கச் சாப்பிட வேண்டும். கொஞ்சம் மீனோ மருந்தோ வாங்க ரேஷன் அரிசியையே விற்கிறவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு தொகையைத் திரும்ப உயர்த்தினார்கள், சரி. ஆனால் எந்த மாதம் குறையும் என்று தெரியாமல் ஒரு தாய் எப்படிக் குடும்பம் நடத்துவாள்?

கேள்வி: வேலை செய்ய விட்டால் உள்ளூர்க்காரர் பிழைப்பு போகாதா?

பதில்: உள்ளூர்க்காரர் பயம் நியாயமானதுதான். ஆனால் அகதிகள் வெளியே வேலை செய்யக் கூடாது என்ற தடை இருந்தும் திருட்டுத்தனமாகக் கூலிக்குப் போகிறார்கள். கொடுத்த காசை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். கூலி விழுவது இதனால்தான். உகாண்டா 2006-லேயே அகதிகள் வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் சட்டம் போட்டது. குடியேற்றப் பகுதிகளில் நிலத்துண்டும் தருகிறது. கொலம்பியா 2021-ல் வெனிசுவேலாக்காரர்களுக்குத் தங்கி வேலை செய்ய 10 ஆண்டு அனுமதி தந்தது. இரண்டுமே பணக்கார நாடுகள் இல்லை. வேலை செய்யும் உரிமைதான் எல்லாவற்றுக்கும் முதல் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பங்களாதேஷும் இந்தியாவும் ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றனவா?

பதில்: 1951 ஒப்பந்தத்தில் இரண்டுமே சேரவில்லை.

கேள்வி: திருப்பி அனுப்ப முயற்சியே நடக்கவில்லையா?

பதில்: 2018 நவம்பரிலும் 2019 ஆகஸ்டிலும் நடந்தது. பேருந்துகள் வந்து நின்றன, ஏற ஆள் வரவில்லை. குடியுரிமையும் பாதுகாப்பும் தந்தால் வருகிறோம் என்றார்கள். இப்போது ரக்கைனின் பெரும்பகுதி அரக்கான் ராணுவம் என்ற ஆயுதப் படையிடம் இருக்கிறது. அங்கே சண்டை மூண்டபிறகு முகாமுக்குப் புதிதாகவும் ஆட்கள் வந்தார்கள்.