பசு தாய்ப்பால் கறக்குமா?

கேள்வி: மரபணு மாற்றிய பசுக்கள் தாய்ப்பாலே கறக்கின்றன என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மருமகளுக்குப் பால் போதவில்லை. அந்தப் பால் எங்கே கிடைக்கும்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: எங்கும் கிடைக்காதும்மா. ஆனால் வீடியோ சொன்னது முழுப் பொய்யும் அல்ல. நெதர்லாந்தில் 1990-ல் ஹெர்மன் என்ற காளைக்கன்று பிறந்தது. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஃபெரின் என்ற புரதத்துக்கான மனித மரபணு அதன் உடலில் இருந்தது. காளை பால் தராது. அதற்குப் பிறக்கும் பெண் கன்றுகள் தரும் என்பது திட்டம். 2011-ல் அர்ஜென்டினாவில் பிறந்த ரோசிட்டா என்ற குளோனிங் பசுவின் பாலில் லாக்டோஃபெரினோடு லைசோசைமும் இருந்தது. இரண்டும் கிருமிகளை எதிர்ப்பவை. லைசோசைம் தாய்ப்பாலில் நிறைய உண்டு, சாதாரணப் பசும்பாலில் மிக மிகக் குறைவு.

கால்நடை மருத்துவராக இந்த ஆராய்ச்சியை மதிக்கிறேன். கலிபோர்னியாவின் டேவிஸில், லைசோசைம் சுரக்கும்படி மரபணு மாற்றிய ஆடுகளின் பாலைக் குடித்த பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு சீக்கிரம் குணமானது. வயிற்றுப்போக்கால் உலகில் இன்னும் எத்தனை பிஞ்சுகளை இழக்கிறோம்! ஆனால் இரண்டு புரதம் சேர்ந்தால் தாய்ப்பால் ஆகிவிடாது. தாயின் உடல் தரும் நோய் எதிர்ப்புப் பொருள்கள், நூற்றுக்கும் மேற்பட்ட தனிவகைச் சர்க்கரைகள் எல்லாம் அதில் உண்டு.

சரி, உங்கள் பேரப்பிள்ளைக்கு வருகிறேன். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கொடுக்காதீர்கள். அதில் இரும்புச்சத்து குறைவு. புரதமும் உப்பும் பச்சிளம் சிறுநீரகத்துக்கு அதிகம். பால் போதுகிறதா என்பதைக் குழந்தையின் எடை சொல்லிவிடும். இந்த வாரமே இருவரையும் குழந்தைகள் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.