காலைக் காற்றும் மாலைக் காற்றும்: வேகக் காருக்கு எத்தனை பி.எஸ்.ஐ.?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்ட செடான் வைத்திருக்கிறேன். டயர் அளவு 225/40 ஆர் 18. ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் முன்னே 35, பின்னே 33 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தின் அலகு) என்றும், முழுச் சுமைக்கு 36, 41 என்றும் உள்ளது. மாலையில் கடலூர் சிப்காட்டிலிருந்து வேலை முடிந்து திரும்பும் வழியில், பங்க்கில் நான்கு டயருக்கும் 35 பிடிப்பது என் வழக்கம். ஆனாலும் ஈ.சி.ஆர். வளைவுகளில் வண்டியின் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. முன் டயர்களின் இரண்டு ஓரங்களும் நடுப்பகுதியைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கின்றன. வேகமாக ஓட்டுவதற்கு 28 போதும் என்கிறார் நண்பர். மழைக்காலத்தில் இன்னும் குறைக்கச் சொல்கிறார் பஞ்சர் கடைக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. முன் டயர்களுக்கு நீங்கள் பிடிக்கும் 35 என்ற எண்ணில் தவறில்லை. அதைப் பிடிக்கும் நேரம்தான் தவறு. ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் குளிர்ந்த டயருக்கு உரியது. வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது நின்ற இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

டயருக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினால், உங்கள் டயர் அளவுக்கும் அழுத்தத்துக்கும் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் மாறும். கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த டயரின் உள்காற்று 55 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது அளவி 35 காட்டினால், மறுநாள் விடியற்காலையில் 27 டிகிரிக்குக் குளிர்ந்த அதே டயரில் ஏறக்குறைய 31தான் இருக்கும். ஆக, 35 பிடித்ததாக நினைத்துக்கொண்டு முன் டயர்களை 31-ல் ஓட்டி வந்திருக்கிறீர்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கும் வண்டியில் எடையின் பெரும்பங்கு முன் டயர்கள்மீதுதான் விழுகிறது. காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி தரையை அழுத்துவது தளர்ந்து, சுமை ஓரங்களுக்குப் போகிறது. வளைவில் டயர் பக்கவாட்டில் சாய்ந்து ஓரத்தில் உருள்வதால், ஸ்டியரிங் திருப்பிய பிறகும் வண்டி தாமதமாகவே திரும்புகிறது. முன்பக்கம் வெளியே தள்ளுவதற்கும், இரண்டு ஓரங்களும் ஒன்றுபோல் தேய்வதற்கும் காரணம் இது ஒன்றே. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட்டைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

நண்பரின் 28 எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிந்த கதைதான். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் கிளம்பும்முன் அழுத்தத்தைக் குறைப்பது உண்மை. அங்கே சில சுற்றுகளிலேயே டயர் கடுமையாகச் சூடேறி அழுத்தம் மளமளவென்று ஏறுவதால், சூடான நிலையில் விரும்பிய எண் வருமாறு முன்கூட்டியே குறைத்து வைக்கிறார்கள். வீடு திரும்பும்முன் மறக்காமல் மீண்டும் நிரப்புகிறார்கள். பாதி செய்தி மட்டும் கடற்கரைச் சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பொதுச் சாலையில் அந்தச் சூடு வராது. வர வைக்கவும் கூடாது. தவிர, 225/40 என்ற உங்கள் டயரின் பக்கச் சுவர் உயரம் அதன் 225 மில்லிமீட்டர் அகலத்தில் 40 சதவீதம், அதாவது 9 சென்டிமீட்டர்தான். 28-ல் ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்தச் சுவர் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையே நசுங்கி, உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, மறுநாள் கொழுக்கட்டை போல ஒரு புடைப்பு கிளம்பும். அப்படிப் புடைத்த டயரை மாற்றத்தான் வேண்டும், ஒட்டுப்போட வழியில்லை.

மழைக்குக் காற்றைக் குறைக்கும் வழக்கம் இதைவிட ஆபத்தானது. சேற்றிலும் மணலிலும் குறைத்த காற்று உதவும்; அந்த அனுபவத்தைத் தார்ச்சாலை வெள்ளத்துக்குப் பொருத்தியதால் வந்த வினை இது. சாலையில் தேங்கிய நீரை டயர் தன் அழுத்தத்தால் பிளந்து தரையைத் தொட வேண்டும். அமெரிக்க நாசா ஆய்வாளர் வால்டர் ஹார்ன், விமான டயர்களை வைத்துக் கண்ட ஒரு கணக்கு உண்டு: பி.எஸ்.ஐ. எண்ணின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அலகில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) கிடைக்கும். அதன்படி 35-க்கு மணிக்கு ஏறக்குறைய 99 கிலோமீட்டர், 28-க்கு 88 கிலோமீட்டர். இவற்றைப் பாதுகாப்பான வேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் டயர் அகலமானது, ஓரம் தேய்ந்தும் இருப்பதால் அதற்கு முன்பே மிதக்கலாம். காற்றைக் குறைத்தால் பிடிப்பு எந்தப் பக்கம் நகரும் என்பதைப் பார்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மரக்காணம் பக்கம் சாலையோரம் நீர் தேங்கி நிற்கும்போது, ஸ்டிக்கரின் எண்ணைவிட ஒரு பி.எஸ்.ஐ.கூடக் குறைய விடாதீர்கள்.

கோடைக்குக் குறைப்பதும் வேண்டாம். ஓடும்போது அழுத்தம் கூடும் என்பதை அறிந்துதான் தயாரிப்பாளர் குளிர்நிலை எண்ணைத் தந்திருக்கிறார். டயரை உள்ளிருந்து சூடாக்குவதில், வெயிலைவிடக் காற்று குறைந்து சுவர் திரும்பத் திரும்ப மடங்குவதற்கே பெரிய பங்கு உண்டு.

இனி செய்ய வேண்டியது. சொந்தமாக ஒரு நல்ல டிஜிட்டல் அளவி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பங்க்கின் குழாய் அளவியை நம்பி நான் பல மாதம் 4 பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டியிருக்கிறேன், டயர் மாற்றும் நாளில்தான் தெரிந்தது. சூரியன் எழும்முன், வீட்டு வாசலிலேயே அளந்துவிடுங்கள். கிழக்கு வெயில் ஒரு பக்கத்து டயர்கள்மீது அரைமணி விழுந்தாலே அந்தப் பக்கம் ஓரிரு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டி உங்களைக் குழப்பும். சிறிய 12 வோல்ட் பம்ப் இருந்தால் அங்கேயே முன்னே 35, பின்னே 33 என நிரப்புங்கள். பம்ப் இல்லையேல் மாலையில் பங்க்கில் ஐந்தாறு கூடுதலாகப் பிடித்து வந்து, மறுநாள் காலையில் வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் இறக்கிவிடலாம். சூடான டயரிலிருந்து மட்டும் ஒருபோதும் காற்றை இறக்காதீர்கள்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகும் முன்பக்கம் தள்ளுவதாகத் தோன்றினால், முன்னே 36 ஆக்கிப் பாருங்கள், தேவையானால் 37. அதற்குமேல் வேண்டாம். ஸ்டியரிங் சுறுசுறுப்பாகும், ஆனால் மேடுபள்ளம் இருக்கையில் தெரியும், மிகைப்படுத்தினால் நடுப்பகுதி தேயத் தொடங்கும். பின் டயரில் 33-க்குக் கீழே இறக்கி வண்டியைத் திருப்ப முயல்வதை நான் ஏற்கமாட்டேன். அவசரமாகத் தடம் மாற்றும்போது பின்பக்கம் வீசிவிடும்.

நீங்கள் வைத்த எண் சரிதானா என்பதை டயரிடமே கேட்கலாம். குளிர்நிலையில் 35 வைத்து, ஈ.சி.ஆரில் அரைமணி நேரம் வழக்கம்போல் ஓட்டி, நிறுத்தியவுடன் அளந்து பாருங்கள். 39, 40 வந்தால் நலம். 43 வரை ஏறினால் டயர் மிகையாக மடங்குகிறது. காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். நான்கில் ஒன்று மட்டும் தனியாக எகிறினால் அந்தச் சக்கரத்தின் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கொல்லிமலைக்கு நால்வரும் பெட்டிகளுமாகப் போனால் 36, 41 கட்டாயம். 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அழுத்தம் ஏறுகிறதே என்று நடுவழியில் இறக்க வேண்டாம். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி சற்றே கூட்டிக் காட்டும், அங்குள்ள குளிர் அதை ஓரளவு ஈடுசெய்துவிடும்.

நைட்ரஜன் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு வரி: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் இல்லாதது என்பதைத் தவிர பெரிய லாபமில்லை. இலவசமாகப் பிடித்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஊர் என்பதால் வால்வையும் கவனியுங்கள். பளபளப்புக்காகப் போடும் பித்தளை மூடி, அலுமினிய வால்வுத் தண்டோடு உப்புக்காற்றில் அரித்து இறுகி, திருகும்போது தண்டையே முறித்துவிடும். பிளாஸ்டிக் மூடியே போதும். வாராவாரம் அளந்த எண்களைக் குறித்து வாருங்கள். மற்ற மூன்றைவிட ஒரு டயர் மட்டும் வாரத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால், மூடியைக் கழற்றி வால்வின் வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் வால்வின் உள் ஊசியை மாற்றினால் சரியாகிவிடும், வராவிட்டால் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.